சிப்பாங் விமான நிலையத்தில் எங்கே பசியாறுவது?

ஆண்டுக்கு ஒரு முறை அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போகிறேன். அவருக்கு இனிப்பு நீர் நோய். நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். அதனால் சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் எங்கே பசியாறுவது என்பது எனக்குக் கடப்பிதழ் அளவுக்கு முக்கியம்.

2024இல் சோதனையெல்லாம் முடிந்தபின் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டேன். அப்போது முதன்மை முனையத்திலிருந்து துணை முனையத்துக்குப் பயணிகளைக் கொண்டுபோகும் ஏரோட்ரெயின் ரயில் ஓடவில்லை. 2023 மார்ச்சில் நின்றது 2025 ஜூலையில்தான் திரும்ப வந்தது. துணை முனையத்துக்கு பஸ்ஸில் போய் இறங்கியபோது அம்மாவின் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. கண்ணில் பட்ட முதல் கடையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு வாங்கினேன். சோறு நடுவில் சில்லென்று இருந்தது, நெத்திலி நமுத்திருந்தது. அம்மா கடலையை மட்டும் பொறுக்கித் தின்றார். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

அடுத்த முறை முன்னதாகவே போய், துப்புரவு வேலை செய்துகொண்டிருந்த ஒரு தமிழ் அம்மாவிடம், "அக்கா, நீங்கள் எங்கே பசியாறுவீர்கள்?" என்று கேட்டேன்.

"இங்கே வேண்டாம் தம்பி. கீழே போங்கள், நாங்கள் எல்லாரும் அங்கேதான்" என்றார்.

முதலாம் முனையத்தில் புறப்பாடு ஐந்தாம் தளம், வருகை மூன்றாம் தளம். அதற்கும் கீழே இறங்கினால் சீருடைக்காரர்களின் கூட்டம்: பாதுகாவலர்கள், டாக்சி ஓட்டுநர்கள், சாமான் ஏற்றுபவர்கள். சொந்தச் சம்பளத்தில் தினமும் அங்கே சாப்பிடுகிறவர்களை ஒரு கடைக்காரர் எத்தனை நாள் ஏமாற்ற முடியும்? நான் முதலில் பார்ப்பது அந்த வரிசையைத்தான், விளக்கு அலங்காரத்தை அல்ல.

பிறகு ரொட்டி சுடும் கல்லைப் பார்ப்பேன். பரோட்டா போன்ற ரொட்டி சானாய்க்கு மாவு உருண்டை கண்ணெதிரே வீசப்பட வேண்டும். அடுக்கி வைத்திருந்தால் நகர்ந்துவிடுவேன். குழம்பின் மேல் ஆடை படிந்திருந்தால் அது காலையிலிருந்தே கிளறப்படாமல் நிற்கிறது என்று பொருள். அன்று ரொட்டியின் ஓரம் மொறுமொறுவென்று உடைந்தது, பருப்பு கொதித்தது. அம்மா இரண்டாவது ரொட்டி கேட்டார். விமானத்துக்குள் காற்று வறண்டு, அழுத்தமும் குறைவதால் உப்பும் இனிப்பும் நாக்கில் மங்கிவிடுகின்றன. ருசித்துச் சாப்பிட வேண்டியதைத் தரையிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

மறுமொழி

பினாங்கிலிருந்து எழுதுகிறேன், அண்ணா. தோளில் காவடி கட்டிச் சோறு விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து வந்த நாசி கண்டார் எங்கள் ஊரின் பெருமை. வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு அதைக் கட்டிக்கொண்டு, குழம்பைத் தனிப் பையில் ஊற்றிக் கைப்பையில் வைத்திருந்தேன். அனைத்துலகப் பயணத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கூடாது, குழம்பும் திரவம்தானாம். பாயான் லெப்பாஸில் உள்ள பினாங்கு விமான நிலையப் பரிசோதனையில் அதை எடுத்து வைத்துவிட்டார்கள். கோழியும் சோறும் மட்டும் தம்பியிடம் போய்ச் சேர்ந்தன. பிரித்துப் பார்த்தவன், "குழம்பு எங்கே அக்கா?" என்றுதான் முதலில் கேட்டான்.