மறு: ஸ்ட்ரக்சுரல் கலர் – 'அமைநிறம்' எனலாமா?

> சாயம் போடாமல் வரும் நிறம்தானே? 'சாயமிலா நிறம்' என்றே வைத்துவிடலாம்.

வணக்கம் ஐயா. கேட்டதும் புரிகிற சொல்தான், ஆனால் ஓரிடத்தில் இடிக்கிறது. செடியிலேயே பழுப்பாக விளையும் பருத்தி உண்டு. அதை நெய்தால் அதுவும் சாயமிலா நிறம்தான், ஆனால் அந்தப் பழுப்பு நிறமியால் வருவது. நாம் பெயர் தேடும் ஸ்ட்ரக்சுரல் கலர் வேறு: நிறமியால் அல்லாமல், பொருளின் நுண்ணிய அமைப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தால் தோன்றும் நிறம்.

அவுரிக் கட்டியை எவ்வளவு அரைத்தாலும் தூள் நீலமாகவே இருக்கும். மயிலிறகின் கண்ணை அம்மியில் வைத்து மைய அரைத்தால் பழுப்புத் தூள்தான் மிஞ்சும். உள்ளே இருப்பவை மெலனின் என்ற கரும்பழுப்பு நிறமியாலான நுண்கம்பிகள். அந்த நுண்கம்பிகள் வரிசையாக நிற்கிற இடைவெளிதான் நீலத்தை வலுப்படுத்தித் திருப்பி அனுப்புகிறது. வரிசை குலைந்தால் நீலம் போச்சு.

ஜப்பானின் டெய்ஜின் நிறுவனம் மார்ஃபோ வண்ணத்துப்பூச்சியைப் பார்த்துச் செய்த மார்ஃபோடெக்ஸ் இழையில் பாலியெஸ்டரும் நைலானும் மாறிமாறி 61 அடுக்கு. அடுக்கின் தடிமனை மாற்றினால் நிறம் மாறும். 'அடுக்கு நிறம்' எனலாமே என்று நானும் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் சிலிக்கா உருண்டைகள் நினைவுக்கு வந்தன. கறுப்புத் துணிமேல் படியவிட்டால் சுமார் 200 நானோமீட்டர் உருண்டைகள் நீலம் காட்டும், 300-ஐ நெருங்கினால் சிவப்பு. அங்கே அடுக்கடுக்கான தகடு ஏது? திருப்பத் திருப்ப நிறம் மாறுகிறதே என்று 'வானவில் நிறம்' என்பதும் சரிவராது. உருண்டைகளைக் கச்சிதமாக அடுக்காமல், இடைவெளி மட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி விட்டால், எந்தப் பக்கம் திருப்பினாலும் நிறம் அவ்வளவாக மாறாது.

'மயில்கழுத்து' ஆசை காட்டுகிறது. ஆனால் அது பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த பட்டுக்கு ஏற்கெனவே உள்ள பெயர். இரண்டும் சாயம் தோய்த்த நூல்தான். நெசவாளரிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டாம்.

'கட்டமைப்பு நிறம்' தவறில்லை. எனக்கென்னவோ சாலையும் பாலமும் கண்முன் வருகின்றன. அதோடு 'கட்டமைப்பு நிறமூட்டப்பட்ட துணி' என்று சொல்லிப் பாருங்கள், வாய் வலிக்கிறது.

'அமைநிறம்' வினைத்தொகை: அமைந்த, அமைகிற, அமையும் நிறம். அமைநிறத் துணி, அமைநிற இழை என்று சொற்கள் தாமாகப் பிறக்கின்றன. வினைக்கு, சாயம் தோய்த்தல் போல, நிறம் அமைத்தல்.

ஒரே வில்லங்கம், சங்கத் தமிழில் 'அமை' என்றால் மூங்கில். மூங்கில் பச்சையா என்று யாராவது கேட்பார்கள். அதற்காக 'அமைவுநிறம்' என்று நீட்டலாமா? நடுவில் அந்த 'வு' எனக்கு உறுத்துகிறது. உங்கள் காதுக்கு எப்படி?