எஸ்டிஆர் (குடும்பங்களுக்கான அரசு உதவிப் பணம்), சாரா (அடையாள அட்டையில ஏறும் சாமான் காசு), கெபாஜிக்கான் (சமூக நல உதவி): மலேசியா, சுங்கை சிப்புட் லயத்துக் (தோட்டத்து வரிசை வீடு) குழு

கலா அக்கா: மூணாவது லயத்துல ஒரு பொண்ணு கேக்குது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் தோட்டத்து வேலை, ஆளுக்கு மாசம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). ரெண்டு பிள்ளைங்க. எஸ்டிஆர் வருமா?

முருகன் அண்ணன்: வரும் கலா. ஆனா ரெண்டாவது பிரிவுலதான். எஸ்டிஆர் புருஷன் பொண்டாட்டி சம்பளத்தைச் சேர்த்துப் பாக்கும். 2,500 வெள்ளி வரைக்கும் ஒரு பிரிவு, 2,501லேர்ந்து 5,000 வரைக்கும் இன்னொண்ணு. இவங்களுக்கு 3,400. 2025 கணக்குப்படி ரெண்டு பிள்ளைக்கு வருஷம் 750, நாலு தவணையா வரும். ஒருத்தர் மட்டும் வேலைன்னா 1,500 ஆயிருக்கும்.

கலா அக்கா: கழிச்சது போக கைக்கு வர்றதைப் போடலாம்ல?

முருகன் அண்ணன்: கூடாது. இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கழிக்கிறதுக்கு முந்தி உள்ள மொத்தச் சம்பளத்தைத்தான் போடணும். அலவன்ஸும் சேரும். செம்பனைக் குலை எடைக்குக் கூலி வாங்குறவங்களுக்கு ஒரு மாசம் கூடும், ஒரு மாசம் குறையும். அவங்க பல மாசச் சீட்டைக் கூட்டி சராசரி போடட்டும். ஹசில் (வருமான வரி இலாகா) தன்கிட்ட இருக்கிற பதிவோட ஒத்துப் பாக்கும்.

சாந்தி டீச்சர்: இன்னொண்ணு கேக்க மறந்துட்டீங்க. கல்யாணம் ஜேபிஎன்ல (தேசியப் பதிவு இலாகா) பதிஞ்சிருக்காங்களா?

கலா அக்கா: கோயில் கல்யாணம் டீச்சர். பதியலையாம்.

சாந்தி டீச்சர்: அங்கதான் முதல் சிக்கல். நம்ம பக்கத்துல பாதி மனு இதுலதான் நிக்குது. 1982 மார்ச் 1லேர்ந்து முஸ்லிம் அல்லாதவங்க கல்யாணத்தைப் பதியறது கட்டாயம். தாலி கட்டி இருபது வருஷம் ஆனாலும் பதியலைன்னா கவர்மெண்டு பதிவுல ரெண்டு பேரும் பூஜாங்தான் (கல்யாணம் ஆகாதவங்க). குடும்பமா மனு போட்டா துணைவர் விவரம் ஒத்து வராது. பூஜாங்னு போட்டாலோ தப்பான தகவல் கொடுத்ததா ஆயிரும். ரெண்டுமே வேணாம், முதல்ல பதியச் சொல்லுங்க.

கலா அக்கா: இப்ப போய் பதியலாமா? வெக்கப்படுது அந்தப் பொண்ணு.

சாந்தி டீச்சர்: இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, தினமும் ஆள் வர்ற காரியம்தான். ரெண்டு பேரும் ஐசி (அடையாள அட்டை) எடுத்துக்கிட்டு ஜேபிஎன் போகணும். பாரத்துல உறுதிமொழிக் கையெழுத்து இருக்கு. நோட்டீஸ் 21 நாள் தொங்கும். அப்புறம் 21 வயசு தாண்டின சாட்சி ரெண்டு பேரோட போய்ப் பதிஞ்சுக்கலாம். நோட்டீஸ் போட்டு ஆறு மாசத்துக்குள்ள முடிக்கலைன்னா மறுபடி முதல்லேர்ந்து வரணும். சில கோயில்லயே துணைப் பதிவதிகாரி இருப்பார், அங்கயும் கேக்கலாம்.

ராஜேந்திரன்: விட்டுட்டுப் போன புருஷன் கேஸ்? விவாகரத்து ஆகல, ஆள் எங்கன்னும் தெரியாது.

முருகன் அண்ணன்: பேப்பர்ல கல்யாணம் இருக்கிற வரைக்கும் அவர் சம்பளமும் அந்தக் குடும்பத்துக் கணக்குல வரும். போலீஸ் ரிப்போர்ட், கிராமத் தலைவர் இல்ல பெங்ஹூலு (வட்டாரத் தலைவர்) உறுதிக் கடிதம் ரெண்டையும் இணைச்சு ஹசில்ல ரயுவான் (மேல்முறையீடு) போடணும். ரயுவான்ல காரணத்தைச் சுருக்கமா, தேதியோட எழுதுங்க. "கஷ்டப்படுறோம்"னு மட்டும் எழுதினா அதிகாரிக்குப் பிடிச்சுக்க ஒண்ணும் கிடைக்காது.

சாந்தி டீச்சர்: அந்தம்மாவுக்கு கெபாஜிக்கான் பிள்ளைகள் உதவிக்கும் போடுங்க. இது எஸ்டிஆரோட சேராது, தனி. 2025ல ஏத்தியிருக்காங்க: ஆறு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைக்கு மாசம் 250, ஏழுலேர்ந்து பதினெட்டு வரைக்கும் 200. ஒரு குடும்பத்துக்கு 1,000 வெள்ளிதான் உச்சம். பாரம் சமூக நலத்துறையோட ஜேகேஎம் 18. அதிகாரி வீட்டுக்கு வந்து பாத்துட்டுத்தான் முடிவு செய்வார். அதனால பாரத்துல வீட்டு நம்பர், லயம், போன் நம்பர் தெளிவா இருக்கணும். வந்தவர் ஆளைக் காணோம்னு திரும்பிப் போனா ஃபைல் அப்படியே கிடக்கும்.

ராஜேந்திரன்: புருஷன் இறந்து போனவங்களும் அதே பாரமா?

முருகன் அண்ணன்: அவங்க முதல்ல பெர்கேசோ (சொக்சோ ஆபீஸ்) போகணும். அவருக்கு சொக்சோ கட்டியிருந்தா, வேலையில இறந்தாரா வீட்ல இறந்தாரான்னு பாக்காம மனு போடுங்க. தகுதி இருந்தா மனைவி பிள்ளைகளுக்கு மாசா மாசம் பென்ஷன் வரும். தோட்டத்துக் கிராணிகிட்ட (குமாஸ்தா) பழைய சம்பளச் சீட்டு கேட்டு வாங்கிக்குங்க.

கலா அக்கா: சாரா காசு கடையில விழலன்னு நாலு பேர் சொல்றாங்களே?

முருகன் அண்ணன்: மூணு காரணம் பாருங்க. எஸ்டிஆர் யார் பேர்லயோ அவங்க ஐசியிலதான் காசு ஏறும், பொண்டாட்டி ஐசியை நீட்டினா காட்டாது. ரெண்டாவது, சிப் தேஞ்சு போனது. வேர்வைப் பாக்கெட்டுல வச்சு வச்சு தங்கக் கட்டம் கறுத்துப் போயிருக்கும், ஜேபிஎன்ல மாத்தணும். மூணாவது, பதிஞ்ச கடை இல்ல. பதிஞ்ச கடையா இருந்தாலும் அரிசி, முட்டை, எண்ணெய், மாவு, பிஸ்கட், சோப்பு, பள்ளிச் சாமான் மாதிரி பட்டியல்ல உள்ள சாமானுக்குத்தான் மெஷின் ஒத்துக்கும். மத்ததைத் தனியா வச்சு கைக்காசு கொடுங்க.

ராஜேந்திரன்: சிலருக்கு மாசம் 200, சிலருக்கு 100. ஏன்?

சாந்தி டீச்சர்: 200 வாங்குறது இ-காசேல (அரசோட ஏழைக் குடும்பப் பதிவு) இருக்கிற குடும்பம். அங்க கணக்கே வேற. வறுமைக்கோடு 2022 கணக்குல 2,589 வெள்ளியா இருந்துச்சு. இப்ப உள்ள கோட்டுக்குக் கீழ இருக்கணும், அதுவும் வீட்ல இருக்கிற எல்லார் வருமானத்தையும் சேர்த்து. பெரிய பையன் ஃபேக்டரியில சேர்ந்துட்டா கோட்டைத் தாண்டிரும். மனுவை கோலகங்சார் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்ல கொடுக்கலாம். வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்க, அப்புறம் டிஸ்ட்ரிக்ட் குழு முடிவு பண்ணும். எஸ்டிஆர் மாதிரி சீக்கிரம் நடக்காது.

கலா அக்கா: எஸ்டிஆர் பாஸ்னு காட்டுது, பேங்குல காசு இல்ல. இது ஏன்?

முருகன் அண்ணன்: கணக்கு தூங்கியிருக்கும். ஒரு வருஷமா போடாம எடுக்காம விட்டா பேங்க் முடக்கிரும். மகன் பேர்ல உள்ள கணக்கைக் கொடுத்தாலும் திரும்பிரும். பத்து வெள்ளி போட்டுத் திறந்து வையுங்க, மனுவுல நம்பரை ஒவ்வொரு எண்ணா ஒத்துப் பாருங்க. புதுசாப் பிள்ளை பிறந்தா பிறப்புப் பத்திரம் 60 நாளுக்குள்ள எடுத்து, எஸ்டிஆர்லயும் கெமாஸ்கினி (விவரம் புதுப்பிக்கிறது) பண்ணணும். தானா ஏறாது.

சாந்தி டீச்சர்: எஸ்டிஆர் வாங்குறவங்கள்ல 40 வயசு தாண்டினவங்க பேக்கா பி40 (அரசோட உடல்நலத் திட்டம்) பரிசோதனையை விட்டுறாதீங்க. துணைக்கும் சேர்த்து இலவசம், தனியாப் பதிய வேணாம். பதிஞ்ச கிளினிக்குக்கு ஐசியோட போனா போதும். இனிப்பு நீர், ரத்த அழுத்தம் இருக்கான்னு பாத்துருவாங்க.

ராஜேந்திரன்: இப்ப ஒரு லிங்க் சுத்துது, "எஸ்டிஆர் போனஸ்"னு.

முருகன் அண்ணன்: தொடாதீங்க, வேற குழுவுக்கும் அனுப்பாதீங்க. கவர்மெண்டு முகவரியில "கவ் டாட் மை" இருக்கும். டிஏசி நம்பரை (பேங்க் போனுக்கு அனுப்புற ரகசிய எண்) ஹசில் கேக்கவே கேக்காது.

கலா அக்கா: அந்தப் பொண்ணு சனிக்கிழமை வருது. என்ன கொண்டு வரச் சொல்ல?

சாந்தி டீச்சர்: ரெண்டு ஐசி முன்னும் பின்னும் ஒரே தாள்ல ரெண்டு ரெண்டு காப்பி, பிள்ளைங்க பிறப்புப் பத்திரம், மூணு மாசச் சம்பளச் சீட்டு, பேங்க் புத்தகத்து முதல் பக்கம். புருஷனையும் வரச் சொல்லுங்க. ஜேபிஎன் பாரத்துல அவர் கையெழுத்தும் வேணும்.