எர்த் டெஸ்டர் 2.1 ஓம் காட்டுகிறது, நம்பலாமா?

கேள்வி:
வணக்கம். திண்டுக்கல் பக்கம் வீடு. செம்மண், மூன்றடிக்குக் கீழே சரளை. ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) அறைக்கு வெளியே 2.5 மீட்டர் ஜி.ஐ. குழாயைக் கரியும் உப்பும் போட்டுப் புதைத்தேன். ஆன்டெனா கேபிள் கட்டுவதற்கு முன், அதற்கும் வீட்டு எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் 14 ஓம். முனைகளை மாற்றி வைத்தால் 60. நேற்று எல்லாம் இணைத்தபின், இரவல் வாங்கிய எர்த் டெஸ்டர் (எர்த்துக்கும் மண்ணுக்கும் உள்ள மின்தடையை அளக்கும் கருவி) 2.1 என்கிறது. எது சரி? ஐப்பசி இடிக்கு முன் தெரிந்தாக வேண்டும்.

பதில்:
இரண்டுமே இல்லை ஐயா. ஈர மண்ணில் உலோகங்களுக்கிடையே சிறு மின்னழுத்தம் பிறக்கும். கசிவு மின்சாரமும் ஓடும். மல்டிமீட்டர் அவற்றையும் சேர்த்துக் காட்டுகிறது, அதனால்தான் முனை மாற்றியதும் எண் மாறுகிறது. சரளையில் ஒற்றைக் குழாய் 2 ஓம் தராது. கேபிளின் உறை, ரேடியோ, பவர் சப்ளையின் மூன்று முள் பிளக் வழியாக வீட்டு எர்த்தையும், போர்வெல்லுக்கு இரும்புக் குழாய் இருந்தால் அதையும் சேர்த்து அளந்திருக்கிறீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குழாயில் கட்டிய அத்தனையையும் கழற்றுங்கள். டெஸ்டரின் பச்சை வயர் குழாயில். சிவப்பு வயரின் முளையை 30 மீட்டரில் மண்ணில் அடியுங்கள். மஞ்சள் வயரின் முளை அதே நேர்கோட்டில் 18.6 மீட்டரில். பிறகு மஞ்சளை மட்டும் முன்னும் பின்னும் 3 மீட்டர் நகர்த்துங்கள். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால்தான் கணக்கு. முளைகளைப் போர்வெல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வானம் இருட்டினால் அன்றைக்கு வேண்டாம்.

கேட்டவர்:
கொல்லை 12 மீட்டர்தான். பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டு, தென்னைகளுக்கு நடுவே வயரை இழுத்தேன். முளையைச் சுற்றி ஒரு குடம் தண்ணீர் ஊற்றும்வரை டெஸ்டரின் முள் ஆடிக்கொண்டே இருந்தது. வந்தவை 40, 41, 43. இவ்வளவு அதிகமா என்று மனம் உடைந்துவிட்டது.

பதில்:
அந்த மண்ணுக்கு 41 நியாயமான அளவே. இப்போதுதான் உங்களிடம் உண்மையான எண் இருக்கிறது. 5 மீட்டர் தள்ளி இன்னொரு குழாய் இறக்கி, செம்புப் பட்டையால் இணையுங்கள். பாதிக்குச் சற்று மேலே நிற்கும். நெருக்கமாகப் புதைத்தால் அந்தப் பலன் கிடைக்காது. வீட்டு எர்த்தோடு இணைப்பு கட்டாயம் வேண்டும். தனித்தனியாக விட்டால், இடி விழும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் ரேடியோ வழியாகத்தான் பாயும். இந்த அளவு 7 மெகாஹெர்ட்ஸில் ஆன்டெனா எப்படி வேலை செய்யும் என்பதைச் சொல்லாது. செங்குத்து ஆன்டெனா என்றால் அதற்குத் தரையில் விரிக்கும் கம்பிகள் தனி. சித்திரை வெயிலில் மண் காய்ந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். இன்று கழற்றியவற்றை எல்லாம் இரவுக்குள் மாட்டிவிடுங்கள். 73 (ஹாம்களின் வாழ்த்துக் குறி).