மகளுக்கு இங்கிலாந்து விடுதியில் சாப்பாட்டோடு அறை எடுக்கலாமா, வெறும் அறை போதுமா?

ஜெலுத்தோங் அம்மா

வணக்கம். மகளுக்கு வருகிற செப்டம்பர் இங்கிலாந்தில் படிப்பு தொடங்குகிறது. விடுதிக்கு விண்ணப்பிக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. இரண்டு விதமான அறை இருக்கிறதாம். ஒன்றில் காலைப் பசியாறலும் இரவுச் சாப்பாடும் விடுதியிலேயே போட்டுவிடுவார்கள். இன்னொன்றில் ஏழெட்டுப் பேருக்கு ஒரு சமையல்கட்டு, அவரவர் சமைத்துக்கொள்ள வேண்டியதுதான். சாப்பாட்டோடு உள்ள அறைக்கு வாரத்துக்கு 60 பவுண்டு கூட. நம் மலேசிய வெள்ளிக்கு மாற்றினால் 300க்கு மேலே போகிறது.

பெரியவன் இங்கே பினாங்கில் யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அங்கே தேசாசிஸ்வா விடுதியில் தங்குகிறான் என்று பேர்தான், வெள்ளிக்கிழமை ஆனால் அழுக்குத் துணியோடு வீட்டுக்கு வந்துவிடுவான். பல்கலைக்கழகம் இருக்கிற குளுகோருக்கும் எங்கள் வீட்டுக்கும் அப்படி என்ன பெரிய தூரம்! அவன் சாப்பாட்டைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. இவளுக்கு மேகி மீயும் முட்டையும் மட்டும் செய்யத் தெரியும். படிக்கிற பிள்ளை என்று அடுப்பு பக்கம் விடாமலே வளர்த்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசி முழுக்கச் சைவம். அவள் அங்கே போய் இறங்குவதே புரட்டாசியில்தான். வீட்டுக்காரர், "சமைத்துக் கற்றுக்கொள்ளட்டும், எல்லாரும் அப்படித்தானே" என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கே தங்கிப் படித்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

செந்தூல் தம்பி

அக்கா, நான் இரண்டு வருஷம் கோலாலம்பூரில் படித்துவிட்டு கடைசி வருஷம் மட்டும் அங்கே போனவன். பொறியியல். சாப்பாட்டோடு உள்ள விடுதியைத்தான் எடுத்தேன், எனக்கு ஒத்துவரவில்லை.

காரணம் நேரம். இரவுச் சாப்பாடு 5.30க்கு ஆரம்பித்து 7 மணிக்கு மூடிவிடுவார்கள். எனக்கு வாரத்தில் மூன்று நாள் லேப் 6 மணிக்கு மேல்தான் முடியும், அப்புறம் பஸ் பிடித்து விடுதிக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேரும்போது மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். காசு முன்னாலேயே கட்டியாச்சு, சாப்பிடாத வேளைக்குத் திருப்பித் தர மாட்டார்கள். வெளியே வாங்கிச் சாப்பிட்டதற்கு இன்னொரு செலவு. அப்புறம் அங்கே எல்லாரும் முதல் வருஷப் பிள்ளைகள், நான் 22 வயது. பேச்சு ஒட்டவே இல்லை.

உங்கள் மகள் முதல் வருஷம்தான் என்பதால் அந்தக் கஷ்டம் இருக்காது. ஆனால் என்ன பாடம், எத்தனை மணிக்கு முடியும், விடுதி வளாகத்துக்குள்ளேயா வெளியிலா, இதையெல்லாம் கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள். என் கூட்டாளிகள் சமையல்கட்டு உள்ள வீட்டில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய சட்டி கோழிக்குழம்பு வைத்து டப்பா டப்பாவாக ஃப்ரீசரில் போட்டால் வியாழன் வரைக்கும் வரும். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் வக்கீல்

அக்கா, நான் 2009இல் லெஸ்டருக்குச் சட்டம் படிக்கப் போனேன். முதல் வருஷம் சாப்பாட்டோடு உள்ள விடுதி, அடுத்த இரண்டு வருஷம் வாடகை வீட்டில் நாங்களே சமைத்தோம். இரண்டையும் பார்த்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

விடுதி இருந்தது ஓட்பி என்கிற இடத்தில், பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்காவை ஒட்டி. வாரநாளில் பசியாறலும் இரவுச் சாப்பாடும் உண்டு, மதியத்துக்கு நம் பாடு. சனி, ஞாயிறு காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி 11 மணி வாக்கில் போடுவார்கள். மாடிக்கு மாடி ஒரு சின்ன அறை, அதில் கெட்டில், டோஸ்டர், மைக்ரோவேவ், ஒரு குளிர்சாதனப் பெட்டி. அடுப்பு கிடையாது.

போன முதல் இரவு. தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். முன்னால் போகிற எல்லாருக்கும் உருளைக்கிழங்கு, கேரட், ஒரு துண்டு ஏதோ, அதன் மேல் கரண்டி நிறைய க்ரேவி. பரிமாறிய அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும், வெள்ளைத் தொப்பி. என் முறை வந்ததும் கரண்டி தானாக வருகிறது. எனக்கோ புரட்டாசி. "இது மாட்டிறைச்சியா?" என்று கேட்க வாய் வரவில்லை. பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள். தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டேன், க்ரேவி மேசையில் சிந்திவிட்டது. வெறும் கேரட்டும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய் அழுதேன்.

மறுநாள் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னாலேயே போய் அந்த அம்மாவிடமே சொன்னேன்: மாடு எப்போதும் கிடையாது, அக்டோபர் நடுவரை எந்தக் கறியும் மீனும் முட்டையும் கிடையாது, அதற்கப்புறம் கோழியும் மீனும் சாப்பிடுவேன், வெள்ளிக்கிழமை மட்டும் திரும்பவும் சைவம். சொல்லும்போதே குழப்பமாக இருக்கிறதே என்று எனக்குக் கூச்சம். அவர் சிரிக்கவில்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை. உள்ளே போய் க்ரேவித் தூள் டின்னை எடுத்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தை என்னோடு சேர்ந்து வாசித்தார். அப்புறம் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் என் பேருக்குக் கீழே "17 வரை சைவம்" என்று எழுதி வைத்தார். அந்த வருஷம் தீபாவளி சரியாக அக்டோபர் 17, சனிக்கிழமை.

லெஸ்டர் என்பதால் எனக்கு அது சுலபமாக முடிந்தது என்று பின்னால்தான் புரிந்தது. 1972இல் இடி அமின் உகாண்டாவிலிருந்து ஆசியர்களைத் துரத்தியபோது நிறையக் குஜராத்திக் குடும்பங்கள் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தன. அந்த ஊர்ச் சமையல்காரர்களுக்குச் சைவம் பழகிப்போன விஷயம். பெல்கிரேவ் ரோட்டில் தீபாவளிக்கு விளக்குப் போட்டு, கூட்டத்தில் நடக்க இடம் இருக்காது. நான் அங்கே நின்று அம்மாவுக்கு ஃபோன் போட்டு இரைச்சலைக் கேட்க வைத்தேன். அதனால் விடுதியை மட்டும் பார்க்காதீர்கள் அக்கா, ஊரையும் பாருங்கள். நம்ம ஆட்கள், குஜராத்திகள், பஞ்சாபிகள் இருக்கிற ஊரென்றால் மளிகைக்கும் கஷ்டமில்லை.

மாடு சாப்பிடாத பிள்ளைக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. இங்கே நமக்கு அந்தப் பழக்கமே இல்லாததால் ஏமாந்துபோவோம். ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் உருளைக்கிழங்கு மொறுமொறுவென்று வருவதற்கு மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ வாட்டுவது அந்த நாட்டுப் பழைய வழக்கம். யார்க்ஷயர் புட்டிங் இனிப்பு இல்லை, மாவும் முட்டையும் பாலும் கலந்து சூடான கொழுப்பில் ஊற்றி எடுப்பது, அதுவும் மாட்டுக் கொழுப்பாக இருக்கலாம். வடக்கே சில மீன் கடைகளில் சிப்ஸைப் பொரிப்பதே அதில்தான். கிறிஸ்மஸ் புட்டிங்கில் சூவெட் என்று சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பைத் துருவிப் போடுவார்கள், இப்போது தாவரக் கொழுப்பிலும் செய்கிறார்கள். ஜெல்லியில் ஜெலட்டின். பார்மேசான் சீஸில் பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த பொருள். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று இல்லை, எண்ணெயில் செய்கிற சமையல்கட்டுகள் நிறைய உண்டு. கேட்டால் சொல்வார்கள். அந்த நாட்டில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களில் எது எந்தச் சாப்பாட்டில் இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம், அதனால் எதில் என்ன போட்டோம் என்ற கணக்கு சமையல்கட்டில் இருக்கும். மாட்டுக் கொழுப்பு அந்தப் பதினான்கில் இல்லை, ஆகவே அதை வாயைத் திறந்து கேட்டால்தான் உண்டு. மகளுக்கு இதை இப்போதே பழக்குங்கள். கேட்பதற்கு வெட்கப்படுகிற பிள்ளை என்றால் கேரட்டும் ரொட்டியும்தான்.

ருசியைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. சோற்றை வடித்து உதிரி உதிரியாகப் போடுவார்கள். புதன்கிழமை "கறி" என்று மஞ்சளாக ஒன்று வரும், அதில் காய்ந்த திராட்சை கிடக்கும். பாபாஸ் மிளகாய்த் தூளை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போவேன், உருளைக்கிழங்கின் மேல் தூவினால் போதும். பசியாறல் நன்றாகவே இருக்கும்.

தம்பி சொன்ன நேரப் பிரச்சினை உண்மைதான். ஆனால் எங்கள் விடுதியில் மதியத்துக்குள் ஒரு தாளில் பேர் எழுதி வைத்தால் தட்டை மூடி எடுத்து வைப்பார்கள், வந்து சூடாக்கிக்கொள்ளலாம். இது எல்லா விடுதியிலும் இருக்காது. மின்னஞ்சலில் கேளுங்கள்.

நான் முதல் வருஷத்துக்குச் சாப்பாட்டு விடுதிதான் என்று சொல்வதற்குக் காரணம் வேறு. நவம்பரில் மாலை நாலேகாலுக்கே பொழுது சாய்ந்துவிடும். டிசம்பரில் நாலுக்கு முன்னாலேயே. கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்தால் மறுநாள் வரைக்கும் ஒரு மனுஷ முகம் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு அப்படி இருக்கத்தான் தோன்றியது. ஆனால் 6 மணிக்குச் சாப்பாடு, கீழே இறங்கித்தான் ஆக வேண்டும், இறங்கினால் பத்துப் பேர் உட்காருகிற நீள மேசை. மூன்றாவது வாரம் ஒரு நாள் நான் இறங்கவில்லை. ஆறரைக்குக் கதவு தட்டுகிற சத்தம். எதிர் அறை வேல்ஸ் பெண், கையில் ஒரு ஆப்பிள். "உன் இடத்தில் யாரோ உட்காரப் பார்த்தார்கள், நான் விடவில்லை" என்றாள். எனக்கென்று அங்கே ஒரு இடம் இருந்ததே அப்போதுதான் தெரியும். அடுத்த இரண்டு வருஷம் நான்கு பேர் வீடு எடுத்தோமே, அந்த நாலு பேரும் அந்த மேசையில் சேர்ந்தவர்கள்தான். அந்த வீட்டில்தான் நான் சாம்பாரும் சம்பாலும் வைக்கக் கற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் நடக்கும் அக்கா, ஒரு வருஷம் தள்ளி.

ஜெலுத்தோங் அம்மா

ரொம்ப நன்றிம்மா. படித்துக்கொண்டே வந்து க்ரேவி சிந்திய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மகளையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். தம்பி, உனக்கும் நன்றி. அவள் படிக்கப்போவது கணக்கியல், லேப் இல்லை.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். சின்ன ரைஸ் குக்கர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், கொடுத்தனுப்பலாமா? கிறிஸ்மஸ் லீவில் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்களே, அப்போது சாப்பாடு?

பிரிக்ஃபீல்ட்ஸ் வக்கீல்

ரைஸ் குக்கர் வேண்டாம் அக்கா. நம் மூன்று முள் ப்ளக்கே அங்கேயும், செருகினால் வேலை செய்யும், ஆனால் அறைக்குள் சமைக்கிற சாமான் வைக்க விட மாட்டார்கள். எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். புகை எழுந்தால் கட்டடம் முழுக்க மணி அடிக்கும், நடுராத்திரியானாலும் எல்லாரும் வெளியே குளிரில் நிற்க வேண்டும். இரண்டாம் வருஷம் வீடு எடுக்கும்போது அனுப்பிக்கொள்ளலாம்.

நெய் கொடுத்தனுப்பாதீர்கள், பால், இறைச்சிப் பொருள் எதுவும் உள்ளே விட மாட்டார்கள். பச்சைக் கருவேப்பிலையையும் பெட்டியில் வைக்க வேண்டாம். தூள் வகை, ஊறுகாய், ரசப்பொடி போதும். ரசப்பொடி முக்கியம். கெட்டில் தண்ணீரில் கலக்கிக் குடித்தாலே தொண்டைக்கு இதமாக இருக்கும்.

லீவு விஷயம் நல்ல கேள்வி. அறை நம்முடையதாக இருந்தாலும் சாப்பாட்டுக்கூடத்தை எங்கள் விடுதியில் மூன்று வாரம் மூடிவிட்டார்கள். சில இடங்களில் அறையையே காலி செய்யச் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் எத்தனை வாரம் தங்கலாம், எத்தனை வாரம் சாப்பாடு என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். நான் அந்த மூன்று வாரம் வேல்ஸ் பெண் வீட்டில் பாதி, மைக்ரோவேவில் பாதி.

இன்னொன்று. ஃபோன் பேசுவதை அவள் பசியாறுகிற நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் காலை 8 என்றால் உங்களுக்கு அக்டோபர் கடைசிவரை பிற்பகல் 3, அதற்கப்புறம் மார்ச் கடைசிவரை 4. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பேச வேண்டுமென்றால் நீங்கள் விடியற்காலை 2 மணிவரை விழித்திருக்க வேண்டும். என் அம்மா அப்படித்தான் இருந்தார், எனக்குத் தெரியவே தெரியாது.

செந்தூல் தம்பி

கணக்கியல் என்றால் நான் சொன்னதை எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. சாப்பாட்டோடு உள்ளதையே எடுங்கள். தட்டு எடுத்து வைப்பார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

ஜெலுத்தோங் அம்மா

கேட்டோம். காலை 11 மணிக்குள் சொன்னால் எடுத்து வைப்பார்களாம். மாட்டுக் கொழுப்பைப் பற்றியும் மகளையே எழுதிக் கேட்கச் சொன்னேன். நாலு தடவை அழித்து அழித்து எழுதினாள், அனுப்பிவிட்டாள். உருளைக்கிழங்கு எண்ணெயில்தான் என்று இரண்டு நாளில் பதில் வந்தது. விண்ணப்பம் போட்டாச்சு. ரைஸ் குக்கர் பெரியவனுக்கு.