சட்டமன்ற உறுப்பினர் பள்ளிக்கு வருவதால் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது?

பாலாற்றங்கரை (தொடக்கப் பதிவு)

என் மகள் வேலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். சென்ற வாரம் அங்கே விலையில்லா மிதிவண்டி வழங்கும் விழா நடந்தது. காலை பத்து மணிக்கென்று அறிவித்திருந்த விழாவுக்கு எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார். அதுவரை பிள்ளைகள் திடலில் வெயிலில் வரிசையாக நின்றார்கள். முந்தைய நாள் மாலை அந்த வண்டிகளைத் துடைத்து, காற்றடித்து, கைப்பிடியில் எண் எழுதிய தாளை ஒட்டியதும் அவர்கள்தான். ஐந்து மாணவர்களுக்கு வண்டி கொடுப்பதுபோலப் படம் எடுத்துக்கொண்டதும் அவர் அடுத்த நிகழ்ச்சிக்குப் புறப்பட்டார். மீதமிருந்தவர்களுக்கு உடற்கல்வி ஆசிரியர்தாம் சாவிகளைக் கொடுத்தார். அன்று காலையில் ஒரு பாடமும் நடக்கவில்லை.

2024ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 91.55 விழுக்காடாக இருந்தபோது நம் மாவட்டம் 82.07 விழுக்காட்டுடன் கடைசி இடத்தில் நின்றது. 2025லும் கடைசி இடம்தான். இந்த நிலையில் ஒரு முற்பகல் முழுவதையும் விழாவுக்குக் கொடுக்க நம் பிள்ளைகளால் முடியாது. சட்டமன்ற உறுப்பினர் பள்ளி விழாக்களுக்கு வருவதை அடியோடு நிறுத்திவிட்டு, பள்ளிகளுக்காகப் பேச வேண்டியதைச் சட்டமன்றத்தில் பேசட்டும் என்பதே என் கருத்து.

பணி நிறைந்த ஆசிரியர்

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியதை எவரும் ஏற்க மாட்டார்கள். ஆனால் "அடியோடு நிறுத்த வேண்டும்" என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் மாணவியர் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை. மூன்று ஆண்டுகள் கடிதம் எழுதினேன். ஒவ்வொரு முறையும் "மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற பதிலே வந்தது. ஒரு நாள் வேறொரு வேலையாக அவ்வழியே வந்த சட்டமன்ற உறுப்பினர், முன்னறிவிப்பு எதுவுமில்லாமல் பள்ளிக்குள் நுழைந்தார். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தண்ணீர்ப் புட்டி மதியம் இரண்டு மணிக்கும் நிறைந்தே இருப்பதைப் பார்த்து, ஏனம்மா குடிக்கவில்லை என்று கேட்டார். "குடிச்சா பாத்ரூம் போகணும் சார், வீட்டுக்குப் போயிதான் குடிப்பேன்" என்றாள் அந்தப் பெண். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் நின்றதை நான் இன்றும் மறக்கவில்லை. அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் புதிய கழிப்பறையும் வந்துவிட்டன.

அந்த நிதி ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். உறுப்பினர் பரிந்துரைக்கிறார், மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி வழங்குகிறார். நேரில் வந்து பார்க்காதவர் எதைப் பரிந்துரைப்பார்? சாலையும் சமுதாயக் கூடமும் கேட்டு அவர் வீட்டு வாசலில் நாள்தோறும் நூறு பேர் நிற்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை அங்கே போய் நிற்க முடியாதே.

பாலாற்றங்கரை

அந்தச் சிறுமியைப் பற்றிப் படித்தபோது மனம் கனத்தது, ஐயா. ஆயினும் அன்று மேடையும் பொன்னாடையும் இருந்திருந்தால் அவர் அந்தப் புட்டியைப் பார்த்திருப்பாரா? நான் எதிர்ப்பது விழாவைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொகுதி நிதியால் சுவர் எழுப்பலாம், வகுப்பறை கட்டலாம். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. என் மகளின் பள்ளியில் இயற்பியலுக்கு முதுகலை ஆசிரியர் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழு வழியாக அமர்த்தப்பட்ட தற்காலிக ஆசிரியை வேறு வேலை கிடைத்துப் பாதியிலேயே போய்விட்டார். அவர்மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை. நிரந்தரப் பணியிடத்தை நிரப்பும் முடிவு சென்னையில்தான் எடுக்கப்படுகிறது. சட்டமன்றத்தின் வினா நேரத்திலும், பள்ளிக் கல்வித் துறைக்கு நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்திலும் அதைக் கேட்கும் உரிமை இந்தத் தொகுதியில் ஒரே ஒருவருக்குத்தான் இருக்கிறது. சாவி கொடுக்க உடற்கல்வி ஆசிரியரே போதும்.

குடியாத்தம் வாசகி

எங்கள் ஊர்க் கதை ஒன்று இங்கே பொருந்தும். 1954இல் முதலமைச்சரான காமராசர், சட்டமன்றத்துக்குள் நுழையத் தேர்ந்தெடுத்தது அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் குடியாத்தம் தொகுதியை. இடைத்தேர்தலில் வென்று எங்கள் உறுப்பினரானார். 1956இல் அவர் தொடங்கிய மதிய உணவு குடியாத்தத்துக்கு மட்டும் வந்த சலுகையன்று, மாநிலம் முழுவதற்குமானது. தறி நெய்யும் வீடுகளிலும் பீடி சுற்றும் வீடுகளிலும் பிள்ளைகளை வேலைக்கு உட்கார வைக்காமல் பள்ளிக்கு அனுப்ப அந்தச் சோறு ஒரு காரணமாயிற்று என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு பள்ளிக்குச் செய்வதைவிட எல்லாப் பள்ளிக்கும் ஆணை வாங்குவதே பெரிது. எனவே பாலாற்றங்கரை அவர்கள் பக்கமே நான்.

பணி நிறைந்த ஆசிரியர்

அம்மா, காமராசர் முதலமைச்சர். ஆணையில் கையெழுத்திடும் இடத்தில் இருந்தவர். முதன்முறை வென்று பின்வரிசையில் அமர்ந்திருக்கும் உறுப்பினரை அவரோடு ஒப்பிடுவது பொருந்தாது. பின்வரிசை உறுப்பினரின் கைக்கு எட்டுபவை தொகுதி நிதியும் ஆட்சியரிடம் கொடுக்கும் பட்டியலும்தான். 2022இல் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் பத்து முன்னுரிமைக் கோரிக்கைகளை முதலமைச்சர் கேட்டபோது, அந்தப் பத்தில் பள்ளிக்கு எத்தனை இடம் கிடைத்தது என்று நாம் யாராவது கேட்டோமா? நானும் கேட்கவில்லை.

மலையடிவாரம்

நம் மாவட்டத்து அணைக்கட்டு என்னும் ஊர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஆகிய மலை ஊராட்சிகளின் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு இந்த விவாதத்தைப் படித்தேன். நீங்கள் இருவரும் பேசுவது சாலையும் பேருந்தும் உள்ள ஊர்ப் பள்ளிகளைப் பற்றி. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை, சாலை வசதி இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனைக்குப் போய்ச்சேர முடியாமல் இறந்தது. அப்படிப்பட்ட பாதையில்தான் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பள்ளிக்கு நடக்கிறார்கள். பெரிய பதவியில் இருப்பவர் ஒருவர் மலையேறி வருகிறார் என்றால், அவருக்கு முன்னால் வட்டார வளர்ச்சி அலுவலரும் கல்வி அலுவலரும் பொறியாளரும் வந்தாக வேண்டும். பாதையின் பள்ளம் ஒரு நடையாவது நிரப்பப்படும். பாலாற்றங்கரை ஐயாவிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் பள்ளிக்கு வர வேண்டாமென்றால், அந்த நாளை எங்கள் பக்கம் திருப்பிவிடச் சொல்லுங்கள். மேடை போட்டாலும் சரி, நாங்கள் வேண்டாமென்று சொல்ல மாட்டோம்.

பாலாற்றங்கரை

நீங்கள் எழுதியதைப் படித்தபின் "அடியோடு" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். என் ஊரை மட்டும் வைத்துப் பேசிவிட்டேன். ஆனால் பாடவேளையில் விழா கூடாது என்பதிலும், மிதிவண்டிகளை ஒரு கைக்காகக் காத்திருக்க வைக்காமல் வந்தவுடனே கொடுத்துவிட வேண்டும் என்பதிலும் நான் மாறவில்லை. எட்டு கிலோமீட்டர் நடந்து வரும் பிள்ளைக்கு அந்த வண்டி ஒவ்வொரு நாளும் தேவை.

பணி நிறைந்த ஆசிரியர்

அதில் எனக்கும் மறுப்பில்லை. மாலை நான்கரைக்கு மேல் வரட்டும், மேடையில்லாமல் வரட்டும், முதலில் கழிப்பறையையும் சத்துணவுக் கூடத்தையும் பார்க்கட்டும். ஆனால் சட்டமன்றத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும் என்ற உங்கள் நம்பிக்கையை என்னால் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. பதில் வரும், ஆசிரியர் வர மாட்டார். நேரில் வந்து பார்த்தவர்தான் அந்தப் பதிலோடு விடாமல் மறுபடியும் கேட்பார்.

குடியாத்தம் வாசகி

நான் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கு இடமுண்டு, சட்டமன்ற உறுப்பினருக்கு இல்லை. ஆகவே அவரை நாமாக அழைத்தால்தான் உண்டு. வரும் மாதக் கூட்டத்தில், எந்தெந்தப் பாடத்துக்கு எத்தனை மாதமாக ஆசிரியர் இல்லை என்பதை மட்டும் ஒரே பக்கத்தில் தீர்மானமாக எழுதி, உறுப்பினர்கள் அனைவரும் கையெழுத்திட்டு, அவருடைய அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம். பாலாற்றங்கரை ஐயா, உங்கள் பள்ளியின் இயற்பியல் பணியிடம் எந்த மாதத்திலிருந்து காலியாக இருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் கேட்டுச் சொல்லுங்கள். இரண்டு பள்ளிகளின் தாளையும் சேர்த்தே கொடுக்கலாம்.

பாலாற்றங்கரை

திங்கட்கிழமை கேட்டு எழுதுகிறேன், அம்மா.