பன்னி சவ்வுக்கு ரொட்டியா, வட்ட பன்னா?

சாட்ஸ்வர்த்காரன்:
போன சனிக்கிழமை எங்கள் தெருவில் ஒரு கல்யாண வீட்டு விருந்து. உள்ளங்கை அளவு வட்ட பன்னைக் குடைந்து, பீன்ஸ் கறி ஊற்றி, பன்னி சவ் என்று கொடுத்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. (ஊரிலிருந்து படிப்பவர்கள் பன்றி என்று நினைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கிரே தெருவில் கடை போட்ட குஜராத்தி வணிகர்களை பனியா என்பார்கள். அதிலிருந்து வந்த பெயர் என்றுதான் இங்கே பலரும் சொல்வார்கள்.) துண்டு போடாத வெள்ளை ரொட்டியைக் கால் பாகமாக வெட்டி, நடுவில் இருக்கும் மெத்துப் பகுதியைத் தோண்டி, கறி நிரப்பி, தோண்டியதையே மேலே வைத்துக் கொடுப்பதுதான் பன்னி. வட்ட பன்னுக்கு அங்கே என்ன வேலை?

டோங்காட் அக்கா:
தம்பி, அந்த வெள்ளை ரொட்டி மட்டும் நம்முடையதா? 1860-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்த நம் முன்னோருக்குப் படி அளந்தது அரிசியும் பருப்பும்தான். ரொட்டி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ரொட்டிக்குப் போர்த்துக்கீசியர் கொண்டுபோன ஒரே சொல்தான் மும்பையில் பாவ், இலங்கையில் பாண், ஜப்பானில் பான். மும்பைக்காரர் அதற்குள் வடையை வைத்தார், கொழும்பில் பன்னுக்குள் மீன் வைத்தார்கள், ஜப்பானில் இனிப்புப் பயறு வைத்த அன்பானை 1875-ல் பேரரசருக்கே கொடுத்தார்கள். எல்லோரும் பன்னைத் தங்கள் கைக்கு வளைத்துக்கொண்டார்கள். நாம் வளைத்தால் மட்டும் குற்றமா?

சாட்ஸ்வர்த்காரன்:
அக்கா, நீங்கள் சொன்னதில் ஒன்றுகூட குழம்பு இல்லையே! வடை, மீன், பயறு எல்லாம் கெட்டி. நம்முடையது மசாலா மிதக்கும் ஆட்டுக்கறி. ரொட்டியைத் தகர அச்சில் சுடுவதால் சுற்றிலும் தோல் உண்டு, அடியில் விரல் கனத்துக்கு மெத்து விட்டால் குழம்பை அது குடித்துக்கொள்ளும். பன் மாவில் கொழுப்பும் சர்க்கரையும் கூட. தோல் மெத்தென்று இருக்கும். ஐந்து நிமிஷத்தில் கையில் கரைந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிசு. நிறப் பாகுபாட்டால் கறுப்பினத் தொழிலாளிகள் ஓட்டலுக்குள் உட்கார முடியாத காலத்தில் பின்கதவு வழியாக நீட்டிய சாப்பாடு இது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தட்டு கிடையாது, கரண்டி கிடையாது. ரொட்டியே தட்டு. உழைக்கிறவனுக்கு ஒரு வேளை வயிறு நிறைய வேண்டும். அதை இரண்டு வாய்ப் பலகாரமாக்கினால் அந்தக் கதை போய்விடும்.

ஜோபர்க் தம்பி:
எங்கள் ஜோகன்னஸ்பர்க் பக்கம் கோட்டா என்பதும் அதே கால் ரொட்டிதான். உள்ளே உருளை வறுவல், போலோனி என்ற இறைச்சித் துண்டு, அச்சார் என்ற ஊறுகாய். பெயரே கால் பாகம் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ரொட்டிக்கே என் ஓட்டு.

டோங்காட் அக்கா:
பின்கதவுக் கதையை நான் மறக்கவில்லை தம்பி. ஆனால் பூசைக்கு இருநூறு பேர் வருகிறார்கள், பாதிப் பேருக்குச் சர்க்கரை. கால் ரொட்டியில் பாதி குப்பைக்குப் போவதைக் கண்ணால் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? அப்புறம், பன்னைக் குடைந்து அடுப்பில் லேசாகச் சுட்டு எடுத்தால் பீன்ஸ் கறி தாங்கும். மேலே கேரட், வெங்காயம், பச்சைமிளகாய்த் துருவல். செய்து பார்த்துச் சொல்கிறேன்.

சாட்ஸ்வர்த்காரன்:
சரி அக்கா, சுட்டால் பீன்ஸ் தாங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆட்டுக்கறி தாங்காது. பெயரையாவது மாற்றுங்கள், பீன்ஸ் பன் என்று வையுங்கள்.

டோங்காட் அக்கா:
பேரப்பிள்ளைகள் என்னிடம் பன்னி என்றுதான் கேட்கிறார்கள். பெயரை மாற்ற மாட்டேன்.