குட்டை மீனில் மண்வாடை: தீனி பற்றிய நம் அனுபவங்கள்

கல்லல் பக்கம், மீன் வளர்ப்பவர்:

எங்களுக்கு 30 சென்ட்டில் ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறது. போர் தண்ணீர்தான். மூன்று வருடத்துக்கு முன் முதல் தடவையாகக் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டேன். எட்டு மாதத்தில் பெரிய கட்லா முக்கால் கிலோ வந்தது. அன்று வீட்டில் ஒரே சந்தோஷம். அம்மா மண்சட்டியில் குழம்பு வைத்தார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, புளி எதிலும் குறை இல்லை. அப்பத்தா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டது. "சேத்தைக் கரைச்சுக் குடிச்ச மாதிரி இருக்குய்யா" என்றது. நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

மீனைச் சரியாகக் கழுவவில்லை என்று முதலில் நினைத்தோம். மறுநாள் கல் உப்பும் மஞ்சளும் போட்டு ஐந்து தண்ணீர் கழுவினோம். வாடை போகவில்லை. அது தோலில் இருந்தால்தானே போகும்? சதைக்குள் இருந்தது.

குட்டையைப் பார்க்க வந்த மீன்வளத்துறை அலுவலர் மீனைத் தொடக்கூட இல்லை. கரையில் நின்று, "ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி போடுறீங்க?" என்றுதான் கேட்டார். பொங்கலுக்குள் எடை கூட்ட வேண்டும் என்ற அவசரத்தில் கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்து 12 கிலோ போட்டுக்கொண்டிருந்தேன். குட்டையில் 400 மீன், சராசரி அரைக் கிலோ. மொத்தம் 200 கிலோ. கட்லா, ரோகு போன்ற கெண்டை வகை மீனுக்கு உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் போதும், அதாவது 4 முதல் 6 கிலோ. நான் போட்டதில் பாதி அடியில் போய் அழுகியிருக்கிறது. அந்தச் சத்தில் நீலப்பச்சைப் பாசி கிளம்பி, காற்றடிக்கும் கரையோரமாகப் பெயின்ட் ஊற்றியதுபோல ஒதுங்கியிருந்தது. பச்சையாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று அதைப் பார்த்து நான் மகிழ்ந்திருக்கிறேன்!

அந்தப் பாசியில் சில வகைகளும் சேற்றிலுள்ள சில நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. காய்ந்து கிடக்கும் நம் செம்மண்ணில் முதல் மழை விழுந்ததும் ஒரு வாசனை வருமே, அதுவும் இதே ஜியோஸ்மின்தான். மண்ணிலிருந்து வந்தால் மனசுக்கு இதம், மீனிலிருந்து வந்தால் வாயில் வைக்க முடியாது. மீன் இதைத் தின்ன வேண்டும் என்றுகூட இல்லை. செவுள் வழியாகவே உள்ளே போய்க் கொழுப்பில் தங்கிவிடும். மிகமிக நுண்ணிய அளவு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

அலுவலர் சொன்னபடி 40 மீனைப் பிடித்துச் சிமென்ட் தொட்டியில் விட்டேன். போர் தண்ணீர் ஒரு பக்கம் விழ, மறுபக்கம் வழிந்து தென்னைக்குப் போனது. தீனி சுத்தமாக இல்லை. இரண்டு நாளுக்கு ஒரு மீன் எடுத்து, வால் பக்கம் ஒரு துண்டை உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் இட்லிக் கொப்பரையில் அவித்தோம். மூடியைத் திறந்ததும் வரும் முதல் ஆவியை மோந்து பார்க்க வேண்டும், அதுதான் சோதனை. மூன்றாம் நாள் வாடை அப்படியே இருந்தது. ஐந்தாம் நாள் அம்மாவுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. ஏழாம் நாள் வெறும் மீன் வாசனை மட்டும். எடை கொஞ்சம் குறைந்தது, அதற்காக நான் வருத்தப்படவில்லை. எத்தனை நாள் ஆகும் என்பது தண்ணீரின் சூட்டையும் மீனின் கொழுப்பையும் பொறுத்தது. கொழுத்த மீனுக்குக் கூடுதல் நாள் பிடிக்கும்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

காரைக்குடி, மெஸ் நடத்துபவர்:

அண்ணே, சமையல்காரன் பக்கத்தையும் சொல்கிறேன். குழம்பில் இந்த வாடை ஓரளவு அடங்கிவிடும். புளிப்பு பட்டால் ஜியோஸ்மின் சிதையும் என்று பிறகுதான் படித்தேன். நம் ஆச்சிமார் குளத்து மீனுக்குப் புளியைக் கொஞ்சம் தூக்கலாகவே கரைப்பார்கள், அந்தக் கைப்பக்குவத்துக்குக் காரணம் இருந்திருக்கிறது. ஆனால் வறுவலில் ஒன்றும் ஒளிக்க முடியாது. மிளகும் சோம்பும் எவ்வளவு அரைத்துத் தடவினாலும் கடிக்கும்போது உள்ளேயிருந்து வந்துவிடும்.

எனக்கு வாடையைவிடப் பெரிய தொந்தரவு சதை. ஒரு வியாபாரி கொடுத்த கெளுத்தி கல்லில் போட்டதும் எண்ணெய் கக்கிச் சுருங்கி, திருப்பும்போது உடைந்தது. விசாரித்தால் கோழிக் கழிவு போட்டு வளர்த்தது. அன்றோடு அவரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டேன். இப்போதெல்லாம் விலை பேசுவதற்கு முன் தீனி என்ன என்றுதான் கேட்கிறேன்.

புதுவயல், மீன் வெட்டிக் கொடுப்பவர் (அம்மா சொல்லச் சொல்ல மகன் எழுதுகிறேன்):

தம்பி, வயிற்றைக் கீறினாலே எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். கண்ட கழிவைத் தின்ற மீனுக்குக் குடலைச் சுற்றிக் கட்டிக் கட்டியாகக் கொழுப்பு அப்பியிருக்கும், கத்தி வழுக்கும். தவிடும் புண்ணாக்கும் அளவாகத் தின்ற மீனில் கொழுப்பு மெல்லிசாக ஓடும்.

இன்னொன்று. பிடிக்கிற அன்று காலையில் தீனி போட்டுவிட்டு வலை இழுக்காதீர்கள். குடல் நிறைய இருந்தால் நம் ஊர் வெயிலுக்கு மதியத்துக்குள் வயிறு வெடித்துவிடும். ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பட்டினி போட்ட மீன் சாயங்காலம் வரை நிற்கும். எடை குறையும் என்று பயந்து யாரும் செய்வதில்லை. கடைசியில் கெட்டுப்போய்க் கொட்டுவது நாங்கள்தானே.

தேவகோட்டை, மீன் வளர்ப்பவர்:

என் அனுபவம் மூட்டைக்குள் நடந்தது. ஐப்பசி மழைக்கு முன் விலை மலிவு என்று கடலைப் புண்ணாக்கு பத்து மூட்டை வாங்கித் தரையிலேயே அடுக்கிவிட்டேன். கார்த்திகையில் மீன் தீனிக்கு வருவது குறைந்தது. ஒரு ரோகுவை அறுத்துப் பார்த்தால் ஈரல் வெளிறிக் கிடந்தது. சந்தேகப்பட்டு அடி மூட்டையைப் பிரித்தேன். கட்டியை உடைத்ததும் மஞ்சள் கலந்த பச்சையில் மாவு மாதிரி பறந்தது. ஈரப் புண்ணாக்கில் பிடிக்கும் இந்தப் பூஞ்சை அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது ஈரலைத்தான் தாக்கும். வெயிலில் காய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் நஞ்சு முழுசாகப் போகாது. நாலு மூட்டையைக் குழி வெட்டிப் புதைத்தேன், மனசே இல்லை. இப்போது பலகை போட்டு, சுவரை ஒட்டாமல், பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறேன். தவிடும் அப்படித்தான், நாள்பட்டால் அதிலுள்ள எண்ணெய் காறிவிடும்.

திருப்பத்தூர், சாப்பிட மட்டும் தெரிந்தவர்:

இதெல்லாம் எதற்கு? கண்மாய் மீனை வாங்கினால் பிரச்சினையே இல்லையே. யார் அதற்குத் தீனி போட்டார்கள்?

கல்லல் பக்கம், மீன் வளர்ப்பவர்:

அண்ணே, கண்மாய் மீன் ருசியை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஓடியாடி வளர்வதால் சதை கெட்டியாக இருக்கும். பாசி, புழு, பூச்சி, சின்ன மீன் என்று பலதையும் தின்னும். மீன் என்ன கொழுப்பைத் தின்கிறதோ அதன் சாயல்தான் அதன் சதையிலும் இருக்கும். ஒமேகா-3 கொழுப்புக்கு மூலமே பாசிதான். ஆனால் கோடையில் தண்ணீர் வற்றி, ஊத்தாவை (மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் கூடையை) தூக்கிக்கொண்டு நாம் எல்லாரும் இறங்குகிற மீன்பிடித் திருவிழாவில் கிடைக்கிற விராலை நினைத்துப் பாருங்கள். அதிலும் சில வருடம் இதே மண்வாடைதான். அங்கேயும் சேறும் பாசியும் மீனும் ஒன்றாகக் குறுகிவிடுகின்றன.

அதனால் இப்போது நான் குட்டைக்குள்ளேயே கண்மாயைக் கொஞ்சம் கொண்டுவரப் பார்க்கிறேன். சாணம் அளவாகக் கரைத்து விட்டு தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை மீனுக்கு இரையாக வளர விடுகிறேன். அசோலா என்ற மிதக்கும் சின்னச் செடியையும் தீனியாகப் போடுகிறேன். காலையில் கையை முழங்கை வரை தண்ணீரில் விடுவேன். விரல் நுனி மங்கலாகத் தெரிந்தால் சரி. முழங்கை நனைவதற்கு முன்பே விரல் மறைந்துவிட்டால் அன்றைக்குத் தீனி கிடையாது. வானம் மூடாக்காக இருக்கும் நாளிலும் கிடையாது. 5 கிலோவை இரண்டாகப் பிரித்துத் தட்டில் வைத்து இறக்குகிறேன். இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கும்போது மிச்சம் இருந்தால் மறுநாள் அரைக் கிலோ குறையும்.

மெஸ் அண்ணனுக்கு: அடுத்த ஞாயிறு உங்களுக்கு 20 கிலோ ரோகு தருகிறேன். இந்த ஞாயிறே வலை போட்டுத் தொட்டிக்கு மாற்றிவிடுவேன். சனிக்கிழமை காலை வந்தால் கொப்பரையில் வால் துண்டு அவித்துத் தருகிறேன். அப்பத்தாவும் பக்கத்தில் இருக்கும், இரண்டு பேரும் மோந்து பார்த்துச் சொல்லுங்கள்.